பூட்டுக்கம்பிக்கு ஒரு கூட்டுக் கொள்முதல்

வெளிநாட்டுக் கடையிலிருந்து, பூட்டைச் சாவியில்லாமல் திறக்கும் பதினைந்து, இருபது கம்பிகள் கொண்ட லாக்பிக் செட் ஒன்றை வரவழைக்கும் பெங்களூர்க்காரருக்கு முதல் ஏமாற்றம் அவர் வீட்டு கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பிகள் அந்தப் பூட்டின் துவாரத்துக்குள் போகும்; ஆனால் உள்ளே அவற்றுக்கு வேலை இருக்காது.

காரணம் எளியது. உலகச் சந்தையில் கிடைக்கும் லாக்பிக்குகளில் பெரும்பாலானவை பின் டம்ளர் பூட்டுக்காகச் செய்யப்படுபவை. லைனஸ் யேல் ஜூனியர் 1861இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசுகள் அந்தப் பூட்டுகள்: தட்டையான சின்னச் சாவி, உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கும் ஊசிகள். நம் ஊர்க் கதவுகளில் தலைமுறைகளாகத் தொங்குபவையோ லீவர் பூட்டுகள். கோத்ரெஜ் நவ்தால், அலிகார் பித்தளைப் பூட்டு, திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு எல்லாம் இந்தச் சாதிதான். சாவியைத் திருப்பும்போது உள்ளே அடுக்கியிருக்கும் லீவர் தகடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு எழும். எல்லாவற்றின் வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். இந்தப் பூட்டுக்கான கருவி வேறு, அதன் நீளம் வேறு, தாங்க வேண்டிய முறுக்கும் வேறு.

ஆகவே இந்தியாவில் பூட்டு ஆர்வலர் ஒருவர் தனக்கேற்ற கம்பி வேண்டுமென்றால் தனியாகச் செய்வித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கம்பிக்கு எந்தப் பட்டறையும் மெஷினை ஓட்டாது. பத்துப் பேர், முப்பது பேர் சேர வேண்டும். இங்கேதான் கூட்டுக் கொள்முதல் என்ற கேள்வி வருகிறது. அதில் உலோகம், பணம், சட்டம், நம்பிக்கை என நான்கு முடிச்சுகள். பலரும் பயப்படுவது சட்டத்துக்கு. உண்மையில் கழுத்தை நெரிப்பது பணமும் நம்பிக்கையும்தான்.

பூட்டைச் சாவியில்லாமல் திறப்பதை விளையாட்டாகக் கொண்டவர்கள் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997இல் ஸ்டெஃபன் வெர்னெரி என்பவர் தொடங்கிய சங்கம்தான் முறையாக அமைந்த பூட்டு விளையாட்டுச் சங்கங்களில் முன்னோடி. அவர் ஜெர்மனியின் புகழ்பெற்ற கணினி ஹேக்கர் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்தவர். அடுத்து நெதர்லாந்தில் பாரி வெல்ஸ் முதலானோர் 'டூல்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள்; அமெரிக்காவுக்கும் அது பரவியது. லாஸ் வேகாஸில் நடக்கும் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பூட்டுக்கென்றே தனிக் கூடம் உண்டு. கணினிப் பாதுகாப்பில் ஈடுபட்டவர்கள் பூட்டுக்குப் போவதில் வியப்பில்லை. ஒரு அமைப்பு எங்கே உடையும் என்று தேடும் அதே புத்திதான் இரண்டிலும் வேலை செய்கிறது. அப்போது ஏடி அண்ட் டி ஆய்வாளராக இருந்தவரும் பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போனவருமான கணினியியலாளர் மேட் பிளேஸ், மறையெழுத்தியல் கண்ணோடு மாஸ்டர் கீ பூட்டுகளைப் பார்த்தார். ஒரு அறையின் சாவியும் அந்த அறையின் பூட்டும் கையில் இருந்தால் கட்டடம் முழுவதற்குமான சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் எழுதிய கட்டுரை 2003இல் பத்திரிகைத் தலைப்பானது. பூட்டுத் தொழிலாளர்கள் சிலர் கோபப்பட்டார்கள். அவர்களுக்கு அது பரம்பரையாகத் தெரிந்த ரகசியம்.

இதே கோபம் 1851இலும் எழுந்தது. லண்டன் உலகக் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ், அதுவரை யாராலும் திறக்க முடியாதென்று இங்கிலாந்து நம்பிக்கொண்டிருந்த சப் டிடெக்டர் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். 1818இல் ஜெரெமையா சப் உருவாக்கிய அது ஒரு லீவர் பூட்டு, நவ்தாலின் தூரத்துப் பாட்டனார். யாராவது திருட்டுத்தனமாகக் கம்பி விட்டால் ஒரு லீவர் சிக்கிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. ஹாப்ஸ் அதையும் தாண்டினார். அடுத்து பிக்கடிலியில் இருந்த பிராமா பூட்டுக் கடையின் ஜன்னலில் 200 கினி பரிசு அறிவிப்போடு அறுபது ஆண்டுகளாக வைத்திருந்த பூட்டை எடுத்தார். பதினாறு நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். பரிசும் பெற்றார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஹாப்ஸின் கைத்திறனைப் புகழ்வார்கள். அவர் தனக்கென்று செய்வித்துக்கொண்ட கருவிகளை மறந்துவிடுவார்கள். பிராமா பூட்டுக்காக அவர் ஒரு தனிச் சாதனத்தையே அமைத்துப் பூட்டின் மேல் பொருத்தி வைத்திருந்தார். கடைக்காரர் தரப்பில் எழுந்த முணுமுணுப்பே அதைப் பற்றித்தான்.

லீவர் பூட்டுக்குப் பூட்டுக்கேற்ற கருவி வேண்டும் என்பது 170 ஆண்டுப் பழைய செய்தி என்று சொல்லத்தான் இவ்வளவும்.

இப்போது பெங்களூர். உலோகம் என்ற முடிச்சை அவிழ்க்க இந்தியாவில் இதைவிடத் தோதான ஊர் இருப்பது சந்தேகம். 1953இல் ஜாலஹள்ளியில் எச்எம்டி வந்தது. மெஷின் செய்யும் மெஷின்களை நாடு இங்கிருந்துதான் வாங்கிக்கொண்டது. மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம், அரசு டூல்ரூம், என்டிடிஎஃப் போன்ற பயிற்சிக்கூடங்கள் தொடர்ந்தன. எழுபதுகளில் உருவான பீன்யா தொழிற்பேட்டை ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்றென்று பெயர் வாங்கியது. எச்எம்டியின் பொற்காலம் முடிந்துபோனாலும் அங்கே கற்றவர்கள் தொடங்கிய ஒற்றை ஷட்டர் பட்டறைகள் நிற்கவில்லை. விமான உதிரி பாகத்துக்கு மைக்ரான் கணக்கில் வெட்டித் தரும் இடத்தில், அரை மில்லிமீட்டர் தகட்டில் ஒரு கொக்கி வெட்டுவது பெரிய வித்தையில்லை. பட்டறைகளில் தமிழ் பேசும் ஆள் கிடைப்பதும் சிரமமில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓசூர் வேறு இருக்கிறது.

கம்பிக்கு ஏற்ற எஃகு எது என்பதில் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே கருத்து. 301 வகை ஸ்டெயின்லெஸ் எஃகை உருட்டி விறைப்பேற்றிய ஸ்பிரிங் தகடு. வளைத்தால் திரும்ப நேராகும், துரு பிடிக்காது. பாத்திரக்கடை எவர்சில்வர் அதே குடும்பமானாலும் மிருதுவானது; வளைந்தால் வளைந்ததுதான். ஹேக்ஸா பிளேடைத் தேய்த்துக் கம்பி செய்துகொள்ளும் ஆரம்பநிலை ஆர்வலர்கள் எல்லா நாட்டிலும் உண்டு; கிரைண்டரில் சூடேறினால் பிளேடு குணம் மாறிவிடும், கவனமில்லாமல் மடக்கினால் பூட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். பின் டம்ளர் கம்பிகள் பொதுவாக 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் தடிமன். லீவர் கருவிக்கு அது போதாது. பூட்டின் தாழையே அழுத்திப் பிடிக்க வேண்டிய கம்பி ஒன்று, லீவர்களைத் தொட்டுத் தூக்க மெல்லிய கம்பி ஒன்று. இரண்டும் ஒரே துவாரத்தில் ஒன்றுக்கொன்று இடிக்காமல் நிற்க வேண்டும்.

வெட்டும் முறையில்தான் செலவு தீர்மானமாகிறது. லேசர் வேகமானது, மலிவானது. ஆனால் ஓரம் சுட்டுப்போய் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறைக் கையால் தேய்த்து எடுக்கும் நேரம் மெஷின் நேரத்தைவிட அதிகமாகிவிடும். மின்பொறி பாயும் கம்பியால் அறுக்கும் வயர்கட் மெதுவானது, துல்லியமானது. தகடுகளை அடுக்காக வைத்து ஒரே ஓட்டத்தில் பத்து இருபது துண்டு வெட்டலாம் என்பதால் எண்ணிக்கை ஏறினால் விலை இறங்கும். ரசாயன அரிப்பு முறையில் பிசிறே இருக்காது. அதற்கு முன்கூட்டியே ஃபிலிம் தயாரிக்கும் செலவு உண்டு. முப்பது நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு வயர்கட்தான் பொருந்தும் என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு. பட்டறைக்காரருக்கு அளவு போட்ட டிராயிங் கொடுக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்தால், திரும்ப வருவது இதே மாதிரி இருக்காது.

பணத்துக்கு வருவோம். தீபாவளிப் பலகாரச் சீட்டு பிடிக்கும் அக்காக்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும்: பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே தெருவில் இருந்தால் சீட்டு ஓடும், தெரு தாண்டினால் நோட்டுப் புத்தகம் வேண்டும்.

பொழுதுபோக்குக் கூட்டுக் கொள்முதல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஃபவுன்டன் பேனா ஆர்வலர்கள் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். சென்னை ஆசா பென்ஸின் நௌகா என்ற பேனா அப்படிப் பிறந்தது. இந்திய ஆர்வலர்கள் கூடிப் பேசி வடிவத்தைத் தீர்மானித்து, சேர்ந்து ஆர்டர் கொடுத்தார்கள். திருவள்ளூர் ரங்கா பென்ஸ் கடைசலில் கையால் கடைந்து செய்யும் எபனைட் பேனாக்களை உலகெங்கும் உள்ளவர்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். எபனைட் நிறம் எது, நிப் ஜெர்மன் ஜோவோவா பாக்கா, கிளிப் வேண்டுமா வேண்டாமா என்று ஆளுக்கொரு தேர்வு. இந்த ஏற்பாடு நடந்ததற்குக் காரணம் சிறு உற்பத்தியாளரின் குணம். பெரிய தொழிற்சாலைக்கு ஐந்நூறுக்குக் குறைந்தால் கணக்கே வராது. திருவள்ளூர் கடைசல்காரருக்கு முப்பது பேனா நல்ல ஆர்டர். பீன்யாப் பட்டறைக்கும் அப்படித்தான்.

எதிர்ப்புறப் பாடம் மெக்கானிக்கல் கீபோர்டு உலகிலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய மாஸ்டிராப், ஆர்வலர்களின் கூட்டுக் கொள்முதலையே வணிகமாக்கியது. பின்னாளில் பெயரை டிராப் என்று சுருக்கிக்கொண்டது. 2020, 2021 கொரோனாக் காலத்தில் கீபோர்டு மோகம் உச்சத்துக்குப் போனபோது, ஜெர்மன் கீகேப் (விசை மூடி) செட் ஒன்றுக்குப் பணம் கட்டியவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது சாதாரணமாகிவிட்டது. பல இடங்களில், இரண்டாவது ஆர்டருக்கு வாங்கிய பணம் முதல் ஆர்டரின் பள்ளத்தை நிரப்பப் போனது. கடை மூடியதும் கடைசியில் நின்றவர்கள் கையில் ரசீது மட்டும். கூட்டுக் கொள்முதல் கவிழும்போது பெரும்பாலும் இந்த ஒரே வழியில்தான் கவிழ்கிறது. மோசடி எண்ணத்தோடு தொடங்குபவர் குறைவு. ஒரு ஆர்டர் முடியுமுன் அடுத்ததைத் தொடங்குபவர்தான் ஆபத்தானவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது பேர், ஆளுக்கு ஐந்து வடிவம், மொத்தம் 200 கம்பி என்று வைத்துக்கொள்வோம். "நானும் வரேன்" என்று சொல்வது நாற்பது பேர். பணம் கேட்கும்போது முப்பதாகும். பட்டறைக்காரரிடம் நாற்பதுக்கு விலை பேசியிருந்தால், அந்த இடைவெளி ஒருங்கிணைப்பவர் சட்டைப்பையில் விழும். எனவே விலை பேச வேண்டியது குறைந்த எண்ணிக்கைக்கு. ஆள் கூடினால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். பழுதாகும் துண்டுகளுக்காகப் பத்தில் ஒன்று கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, பாலிஷ், பேக்கிங், கூரியர். இவற்றைத் தலைக்கு இவ்வளவு என்று முதல் நாளே எழுதிக் காட்டாதவர் கடைசி நாளில் கெட்ட பெயர் வாங்குவார். ஒருங்கிணைப்பவர் தன் உழைப்புக்கு ஒரு சிறு தொகையோ இலவச செட்டோ எடுத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை. சொல்லாமல் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

மாதிரி பார்க்காமல் முழு ஆர்டர் கொடுக்கக் கூடாது. ஒரு செட் வெட்டி, மூன்று நான்கு பேர் வெவ்வேறு பூட்டில் போட்டுப் பார்த்த பிறகு டிராயிங்கை மூடிவிட வேண்டும். மூடிய பிறகு "இந்த வளைவு இன்னும் அரை மில்லி" என்று வருபவர்களை அடுத்த ஆர்டருக்கு அனுப்பிவிடுவது உத்தமம். யுபிஐ வந்தபின் பணம் திரட்டுவது நொடியில் முடிகிறது. அந்தச் சுலபமே ஒரு பொறி. தனிநபர் கணக்கில் ஒரே வாரத்தில் நாற்பது வரவு விழுந்தால் வங்கியும் கேட்கலாம், வருமான வரித்துறையும் கேட்கலாம். பட்டறை பில்லும் பெயர்ப்பட்டியலும் கையில் இருந்தால் பதில் சொல்வது எளிது. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவருக்கு விற்றுமுதல் வரம்பு பார்க்காமல் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதையும் மறக்கக் கூடாது. சென்னை, ஹைதராபாத் நண்பர்களுக்குக் கம்பி அனுப்பத் தொடங்கும்போது, பங்கீடு எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுவது மலிவான வழி. பட்டறையே நேரடியாகத் தலைக்கொரு பில் போட்டு அனுப்பினால் இந்தத் தலைவலியே இல்லை.

வெளிநாட்டிலிருந்து மொத்தமாக இறக்குமதி செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனி, கனடா, அமெரிக்காவில் அருமையான தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் முன்பு ஐயாயிரம் ரூபாய் வரை 'பரிசு' என்று எழுதி வரியில்லாமல் வந்த பார்சல் வழியை 2019 டிசம்பரில் மத்திய அரசு அடைத்துவிட்டது. ராக்கி, உயிர்காக்கும் மருந்து போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்கத் தபால் சட்டம் பூட்டுத் தொழில் கருவிகளை யார் யாருக்கு அனுப்பலாம் என்று தனியாகவே வரையறுத்திருக்கிறது. இங்கே கஸ்டம்ஸில் பெட்டி திறக்கப்பட்டால், நாற்பது செட் கம்பி எதற்கு என்ற கேள்விக்கு முகவரியில் பெயர் உள்ள ஒருவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் வந்து சேர்வது பின் டம்ளர் செட்.

சட்டம். ஊருக்கு ஊர் இது மாறும். ஜப்பான் 2003இல் தனிச்சட்டம் போட்டு, தொழில்முறைக் காரணமின்றி இத்தகைய கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968 திருட்டுச் சட்டம் வீட்டுக்கு வெளியே திருட்டுக்கான கருவியோடு திரிவதைத் தண்டிக்கிறது. அங்கே கேள்வி நோக்கம் பற்றியது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரும்பாலானவற்றில் வைத்திருப்பது குற்றமில்லை, சிலவற்றில் கையில் இருப்பதே தீய நோக்கத்துக்கு முதல்நிலைச் சாட்சி. இந்தியாவில் லாக்பிக் வைத்திருப்பதைத் தடைசெய்யும் தனி மத்தியச் சட்டம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் சொன்னதையே தொடர்ந்து சொல்கிறது: அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பது வீடு புகுதலின் வகைகளில் ஒன்று. குற்றம் நுழைவதில் இருக்கிறது. ஆனால் மாநில போலீஸ் சட்டங்கள் இன்னொரு பக்கம் நிற்கின்றன. கர்நாடக போலீஸ் சட்டம் 1963, பழைய பம்பாய்ச் சட்டத்தின் வழியில், சூரியன் மறைந்து உதிக்கும் வரையிலான நேரத்தில் திருப்தியான காரணம் சொல்ல முடியாமல் வீடு உடைக்கும் கருவியோடு பிடிபடுவதைத் தண்டிக்கிறது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு பைக்கை நிறுத்தும் கான்ஸ்டபிளிடம் ஹாம்பர்க் சங்கத்தின் வரலாற்றைச் சொல்லிப் பயனில்லை.

ஆகவே பங்கீட்டை இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஞாயிற்றுக்கிழமை பகலில், எல்லோருக்கும் தெரிந்த பொது இடத்தில், பில் நகலோடு. அல்சூர் மெட்ரோ நிலையத்தடியில் ஒரு மேக்கர்ஸ்பேஸ் இயங்கிய ஊர் இது. தகவல் பாதுகாப்பு ஆர்வலர்களின் 'நல்' அமைப்புக்குக் கிளை உள்ள ஊர். பகிரங்கமாகக் கூட இடத்துக்குப் பஞ்சமில்லை. 'டூல்' அமைப்பின் இரு விதிகளை, உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே, பயன்பாட்டில் உள்ள பூட்டைத் தொடாதே என்பதை, பில்லின் பின்பக்கம் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்துக் கொடுத்தால் செலவு சில ரூபாய்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி. இதில் மழுப்ப முடியாது. பேனா வாங்குபவரிடம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பூட்டுக்கம்பி கேட்பவர் முகம் தெரியாதவராக இருந்தால்? திருடர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், ரகசியம் காப்பதால் நட்டப்படுபவர் வீட்டுக்காரர்தான் என்ற வாதம் ஹாப்ஸ் காலத்திலிருந்து நடக்கிறது. அதில் நிறைய உண்மை உண்டு. கடப்பாரையும் போல்ட் கட்டரும் இருக்கும்போது, மணிக்கணக்கில் பழக வேண்டிய கம்பியைத் திருடன் ஏன் நம்பப் போகிறான்? ஆனாலும் அந்த வாதம் அறிவைப் பகிர்வதற்குப் பொருந்துவது போலப் பொருளை விநியோகிப்பதற்கு முழுதும் பொருந்தாது. குழுவின் கூட்டத்துக்கு இரண்டு மூன்று முறை நேரில் வந்தவருக்கு மட்டும், ஆளுக்கு ஒரு செட் என்ற கட்டுப்பாடு நியாயமானது. பத்து செட் கேட்பவரை மரியாதையாக அனுப்பிவிட வேண்டும். பெயர்ப்பட்டியல் ஒருங்கிணைப்பவரிடம் இருக்கட்டும். குழுவில் பகிரத் தேவையில்லை.

பயிற்சிப் பூட்டு வேண்டுமே. இங்கேதான் திண்டுக்கல் பூட்டு உள்ளே வருகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டு, கையால் அராவி, கையால் பொருத்திச் செய்வது. லீவர் வெட்டுகள் பூட்டுக்குப் பூட்டு வேறு. அலிகார் மெஷின் பூட்டின் விலையோடு போட்டி போட முடியாமல் நாகல்நகர், நல்லாம்பட்டிப் பட்டறைகள் சுருங்கிவிட்டன. கதவுக்கு வாங்க ஆள் குறைந்த பொருளை விளையாட்டுக்கு வாங்க நாற்பது பேர் வந்தால் பட்டறைக்காரர் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. உள்ளே பார்க்க முடிகிற மாதிரி ஒரு பக்கத் தகட்டைத் திறந்துவைத்த பயிற்சிப் பூட்டு கேட்டால் அதையும் செய்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். அதற்கு மெஷினோ அச்சோ தேவையில்லை, அரம் போதும்.

பெங்களூரில் இப்படியொரு கூட்டுக் கொள்முதலுக்கு முயல்பவர்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவு: முதல் ஆர்டரை பீன்யாவில், லீவர் கம்பிக்கு மட்டும், இருபது செட்டைத் தாண்டாமல் கொடுங்கள். பின் டம்ளர் கம்பி வேண்டுபவர் தனக்குத் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். கணக்கை எல்லோருக்கும் காட்டி, மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்த பிறகே இரண்டாவது ஆர்டரைப் பற்றிப் பேசுங்கள்.